ஒன்பது ஏர், நாற்பது ஆள்

இப்படி நிழலில் வந்து உட்காருங்கள், அண்ணாச்சி. நான்கு காளைக்கும் லாடம் மாற்ற வேண்டுமென்றால் வெயில் சாய்ந்துவிடும். உப்பு வண்டிதானே? உப்பு எங்கே ஓடிவிடப் போகிறது. மழை பெய்தால் ஓடும், அது வாஸ்தவம். மழைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. பயப்படாதீர்கள்.

கம்பைப் பார்க்கிறீர்கள். எல்லாரும் பார்ப்பார்கள். வெள்ளிப் பூண். தொட்டுப் பாருங்கள், பரவாயில்லை. கோட்டையில் சேர்வைக்காரர் தம் கையால் கொடுத்தது. சேர்வைக்காரர் என்றால் எங்கள் பாளையத்துப் படைக்கெல்லாம் தலைவர், சாதாரண ஆள் கிடையாது. நான் அப்போது இந்த எட்டிக்குளத்துக்கு மணியக்காரன். குத்தாலம் என்கிற என் பேர் அந்தக் காலத்தில் நாலு ஊருக்குத் தெரியும். ஒரே ஊரிலிருந்து நாற்பது வீரர்களைக் கொண்டுபோய் நிறுத்தியதற்காகக் கொடுத்தார். நாற்பது பேர், அண்ணாச்சி. வருகிற வழியில் ஊரைப் பார்த்தீர்களே? இதிலிருந்து நாற்பது பேர்.

எப்படி என்றுதானே யோசிக்கிறீர்கள்? சொல்கிறேன்.

எங்கள் பாளையத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. சித்திரை மாதம், வெள்ளாமை எல்லாம் வீடு வந்து சேர்ந்த பிறகு, ஒவ்வோர் ஊரும் கோட்டை மைதானத்துக்குப் போய்ப் படை காட்ட வேண்டும். அரிவாளோ, ஈட்டியோ, வளரியோ, கையில் ஏதாவது பிடித்துக்கொண்டு ஆண்கள் வரிசையாக நிற்க வேண்டும். சேர்வைக்காரர் குதிரைமேல் வந்து பார்ப்பார். கூடவே ஓர் எழுத்தர் ஓலையில் எழுதிக்கொண்டு நடப்பார். ஒரு நாளைக்கு ஓர் ஊர். எங்களுக்குச் சித்திரை ஐந்து. ஓடைக்கு அந்தப் பக்கம் பூலாங்காடு, அவர்களுக்குச் சித்திரை ஆறு. நாற்பது பேரைக் காட்டுகிற ஊருக்கு அந்த வருஷத்து வரியில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி.

வரி என்பது ஏர்க் கணக்கு. ஓர் ஏருக்கு இவ்வளவு தானியம் என்று. ஆனி மாதம் வரி வசூலிக்கும் தண்டல்காரர் வந்து தொழுவம் தொழுவமாக உழவு மாட்டை எண்ணிவிட்டுப் போவார்.

ஆக, ஆளை எண்ணும்போது ஊர் பெரியதாகத் தெரிய வேண்டும். மாட்டை எண்ணும்போது சின்னதாகத் தெரிய வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் இதை நினைத்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். நான் உட்காரவில்லை.

பூலாங்காட்டு மணியக்காரன் கொம்பையா, என் மனைவி மாடத்திக்கு அண்ணன். ஒரு நாள் ஓடைக்கரையில் அவனைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“மச்சான், உம்ம ஊர்ல ஆள் பதினெட்டு. எங்க ஊர்ல இருபத்திரண்டு. ரெண்டையும் சேர்த்தா என்னவே?”

“சேர்த்தா சண்டை” என்றான் கொம்பையா.

அவன் அப்படித்தான். எதையும் சட்டென்று பிடித்துக்கொள்ள மாட்டான். பொறுமையாக விளக்கினேன். சித்திரை ஐந்தாம் தேதி பூலாங்காட்டு ஆள் பதினெட்டும் எங்களோடு வந்து எட்டிக்குளமாக நிற்க வேண்டும். ஆறாம் தேதி எங்கள் ஆள் இருபத்திரண்டும் அவர்களோடு போய்ப் பூலாங்காடாக நிற்கும். முதல் நாள் வெள்ளைத் தலைப்பாகை, மறுநாள் சிவப்பு. ஆனியில் தண்டல்காரர் இங்கே வரும்போது எங்கள் மாடு ஓடையைத் தாண்டி அங்கே போகும். அங்கே போகும்போது அவர்கள் மாடு இங்கே வரும். ஆள் உள்ளே, மாடு வெளியே. அவ்வளவுதான்.

கொம்பையா என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “மாப்பிள்ளை, இதை நீரா யோசிச்சீரு?” என்றான்.

வீட்டில் மாடத்தி மட்டும் முகத்தைச் சுளித்தாள். கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள், முறத்தை நிறுத்தாமலே கேட்டாள். “நாற்பது பேருன்னு ஓலையில எழுதிட்டா, ஒரு நாளைக்கு நாற்பது பேரையும் கேப்பாகளே?”

“சண்டை வந்தாத்தானட்டி கேப்பாக?”

“சண்டை வரும்னுதானே எண்ணுதாக?”

பெண்களுக்கு ராஜாங்க விஷயம் புரியாது, அண்ணாச்சி.

சித்திரை ஐந்து. நாற்பது பேர், நாற்பது வெள்ளைத் தலைப்பாகை. எங்கள் ஆட்களில் பலவேசம் என்று ஒருவன். பனைமரத்தில் பாதி உயரம், அதற்கேற்ற மீசை. அதோ, உங்கள் காளையின் காலைக் கட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறானே, அவனேதான். இப்போது மீசை நரைத்துவிட்டது. அன்றைக்குச் சேர்வைக்காரர் அவன் முன்னால் குதிரையை நிறுத்திப் பேரைக் கேட்டார். “பலவேசம், மகாராசா” என்றான். “இப்படி ஓர் ஆள் இருந்தால் போதுமே” என்று அவர் எழுத்தரிடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

மறுநாள்தான் வம்பு. சிவப்புத் தலைப்பாகையோடு பூலாங்காட்டு வரிசையில் பலவேசம் நிற்கிறான். தலையைக் குனியடா என்றால் அந்த உயரம் எங்கே குனிகிறது? சேர்வைக்காரர் வந்தார், குதிரையை நிறுத்தினார்.

“ஏலே, நேத்து உன்னை எட்டிக்குளத்துல பார்த்தேனே?”

பலவேசத்துக்கு வாயில் ஈ போனதுபோல ஆகிவிட்டது. நான்தான் பின்னாலிருந்து ஓடிப்போய்க் கும்பிட்டேன். “மகாராசா, அது இவன் அண்ணன். ரெட்டைப் பிள்ளைக. இவன் பூலாங்காட்டுல பொண்ணு கட்டி இங்கயே தங்கிட்டான். பேரு சின்னப் பலவேசம்.”

எப்படி? ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, தானாக வந்தது. சேர்வைக்காரருக்கு ஒரே சந்தோஷம். “ரெண்டு பேரையும் ஒருநாள் கோட்டை வாசலில் ஆளுக்கொரு பக்கம் நிறுத்த வேண்டும்” என்றார். எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார். அப்போது கொடுத்ததுதான் இந்தக் கம்பு. கொம்பையாவுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். அதில் அவனுக்கு இன்னும் வருத்தம் உண்டு.

“மணியக்காரரே, கதையில இன்னைக்கு நான் எத்தனை பேரு?”

கேட்டீர்களா, அண்ணாச்சி? பலவேசம்தான். காளையின் காலை விட்டுவிடாதே, வேலையைப் பார். இவனுக்கு எப்போதும் இந்தக் கிண்டல்.

சரி, ஆனி மாதத்துக்கு வருவோம். அந்த வருஷம் தண்டல்காரர் புதியவர். குள்ளமான மனிதர், ஓலைக்குடை, ஓயாத தும்மல். ஊருக்குள் அவர் கால் வைப்பதற்கு முன்பே எங்கள் இருபது ஜோடி மாட்டில் பதினொரு ஜோடி ஓடையைத் தாண்டிவிட்டது. ஒன்பது ஜோடியை எண்ணினார், எழுதினார், தும்மினார்.

“மணியக்காரரே, சித்திரையில நாற்பது ஆள் காட்டினது உங்க ஊர்தானே?”

“எங்க ஊரேதான், ஐயா.” கம்பைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

“ஒன்பது ஏர். நாற்பது ஆள்.” ஒரு தும்மல். “என்ன சாப்பிடுதாக?”

“மானத்தைச் சாப்பிடுதோம், ஐயா!”

கூட வந்த எழுத்தர் சிரித்துவிட்டார். தண்டல்காரரும் சிரித்தார். நல்ல மனிதர்தான். போகும்போது எங்கள் ஊர் எருக்குழிகளின் பக்கம் ரொம்ப நேரம் நின்று பார்த்தார். வஞ்சனையில்லாமல் நிறைந்து கிடந்த எருக்குழிகள். எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்படியே போயிருக்கும். யார் கண் பட்டதோ, புரட்டாசியில் தமுக்குச் சத்தம் வந்தது. வடக்கே இருக்கிற பாளையத்தோடு சண்டையாம். மூன்றாம் நாள் காலையில் எல்லா ஊர் ஆட்களும் கோட்டை மைதானத்தில் இருக்க வேண்டும். சித்திரையில் ஓலை ஏறிய அத்தனை பேரும். ஓர் ஆள் குறைந்தால் ஒரு ஜோடி உழவு மாடு பறிமுதல்.

இங்கேதான் கவனிக்க வேண்டும், அண்ணாச்சி. ஓலைப்படி எங்கள் ஊர் நாற்பது, பூலாங்காடு நாற்பது, ஆக எண்பது. நிஜத்தில் இரண்டு ஊரையும் உதறினாலும் விழுவது நாற்பது. படை காட்டும்போது ஒரு நாளைக்கு ஓர் ஊர். சண்டைக்குக் கூப்பிட்டவனோ எல்லா ஊரையும் ஒரே நாளில் கூப்பிட்டுவிட்டான்! இப்படி முறைகெட்டுக் கூப்பிடுவார்கள் என்று யார் நினைத்தது?

நாற்பது ஆள் குறைகிறது, நாற்பது ஜோடி மாடு. இரண்டு ஊரிலும் சேர்த்து இருப்பதே முப்பத்தாறு ஜோடிதான். வானம் வேறு கறுத்துக்கொண்டு நிற்கிறது. கரிசல்காட்டில் முதல் மழைக்கு விதைக்காவிட்டால் அந்த வருஷம் சாப்பாடு கிடையாது. மாடு போய்விட்டால் ஊரே போயிற்று. இது எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

ஓடைக்கரையில் கொம்பையா என் துண்டைப் பிடித்துவிட்டான்.

“நாற்பது பேரும் என் ஊரா வரட்டும். என் மாடாவது பிழைக்கும்.”

“ஏன்வே, இருபத்திரண்டு பேர் என் ஆளு!”

“யோசனை யாருது?”

“கம்பு யாருது?” என்றேன். கோபத்தில் வந்துவிட்டது.

“அந்தக் கம்பை எடுத்து…” என்று ஆரம்பித்தான். பெண்கள் தண்ணீர் எடுக்க வந்ததால் முடிக்கவில்லை. பலவேசம் ஒரு பக்கம் அழாத குறையாக நிற்கிறான். அவன் மனைவி செல்லிக்கு எட்டு மாதம். “சின்னப் பலவேசத்துக்கு நான் எங்க போவேன் மணியக்காரரே? கோட்டை வாசல்ல ரெண்டு பக்கமும் நானே எப்படி நிப்பேன்?” என்கிறான்.

கடைசியில் வழியை நான்தான் சொன்னேன். ஊருக்கு இருபது பேராகப் பிரிந்து போவோம். மீதி எங்கே என்று கேட்டால், பின்னால் வருகிறார்கள் என்போம். பதினெட்டு வயதிலிருந்து அறுபது வயது வரை ஓர் ஆண் மிச்சமில்லாமல் புறப்பட்டோம். படைக் கணக்கில் சேராத மணியக்காரர்கள், நானும் கொம்பையாவும்கூட ஈட்டி பிடித்தோம். ஊரில் பெண்களும் குழந்தைகளும் மாடும்தான். மாடத்தி ஊர் எல்லை வரை வந்தாள். “மாட்டை நான் பார்த்துக்கிடுதேன்” என்று மட்டும் சொன்னாள்.

சண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. எல்லையில் ஒரு வறண்ட ஆறு. இந்தக் கரையில் புளியந்தோப்பு, அதில் நாங்கள். அந்தக் கரையில் வேப்பந்தோப்பு, அதில் எதிரி. பதினொரு நாள் உட்கார்ந்திருந்தோம். காலையில் கம்மங்கூழ், மத்தியானம் கம்மங்கூழ். சேர்வைக்காரர் தினமும் ஒருமுறை வருவார். “என்ன குத்தாலம், மீதி ஆள்?” “பின்னால வருதாக, மகாராசா.” “சரி, சரி.” அவ்வளவுதான். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. பலவேசத்தின் தம்பியைக்கூட ஒருமுறைதான் கேட்டார். “அவனுக்கு வயித்துவலி, அவனும் பின்னால வருதான்” என்றேன்.

நான்காம் நாள் எங்களுக்கு உப்புத் தீர்ந்துவிட்டது. எதிரிக்கு மிளகாய் இல்லை. ஆற்று நடுவில் வைத்து மாற்றிக்கொண்டோம். எதிரி ஒருவன் என்னிடம் கேட்கிறான், “உங்க ஊர்ப் பக்கம் மழை இறங்கிட்டா?” பாவம், அவனுக்கும் விதைப்பு. “எங்க ஊர்ல ஆம்பளை ஒருத்தன் இல்ல, தண்டல்காரன் என்ன பண்ணுதானோ” என்று வேறு புலம்பினான். எதிரியின் புலம்பலுக்கெல்லாம் நாம் காது கொடுக்கக் கூடாது. நான் வந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் பார்த்தால் எதிர்க்கரை காலி! பலவேசத்தின் மீசையைப் பார்த்தே ஓடிவிட்டார்கள். நான் அன்றைக்கே சொன்னேன், ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. சமாதானம் ஆகிவிட்டது என்று சேர்வைக்காரர் அறிவித்தார். சில ஊர்க்காரர்களை நிறுத்தி வைத்துக்கொண்டு, எட்டிக்குளமும் பூலாங்காடும் வீட்டுக்குப் போகலாம் என்றார். மாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. கழுகுமேட்டு ஊரில் இருபது ஆள் குறைந்ததற்காக இருபது ஜோடியை ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்த வருஷம் அவர்கள் விதைக்கவே இல்லை. பாவம், நேரம் சரியில்லை அவர்களுக்கு.

ஊருக்கு வந்து சேருவதற்குள் அடுத்த இடி காத்திருந்தது.

நாங்கள் போன மூன்றாம் நாளே தண்டல்காரர் வந்திருக்கிறார். அதே குடை, அதே தும்மல். தற்செயலாகத்தான். ஆண்கள் இல்லாத நேரம், மாட்டை ஓடை தாண்டி ஓட்ட ஆளில்லை. சரி, மாடத்தி ஓட்டியிருக்கலாமே? எங்கள் மயிலைக் காளை ஜோடி அவள் குரலுக்குத்தான் கட்டுப்படும். அவள் முன்னால் நடந்தால் ஊர் மாடு முழுவதும் பின்னால் போகும். ஓட்டவில்லை. என்ன செய்தாள் தெரியுமா? அந்த மனிதரை உட்கார வைத்து நீர்மோர் கொடுத்திருக்கிறாள். தும்மலுக்குச் சுக்குத் தட்டிப் போட்டு வெந்நீர் கொடுத்திருக்கிறாள். பிறகு தொழுவம் தொழுவமாகக் கூட்டிக்கொண்டு போய், “இது மயிலை, இது செவலை, இது பலவேசம் வீட்டுச் சுட்டி” என்று பேர் சொல்லி எண்ண வைத்திருக்கிறாள். இருபது ஜோடி! அதோடு விட்டாளா? ஓடையைத் தாண்டிப் பூலாங்காட்டுக்கும் கூட்டிக்கொண்டு போய், தன் அண்ணன் தொழுவத்தையும் காட்டிக் கொடுத்துவிட்டாள். பதினாறு ஜோடி!

அதற்கும் மேலே ஒன்று. “ஐயா, மாட்டைச் சரியா எண்ணிட்டீங்க. ஆளையும் சரியா எண்ணுங்க. எங்க ஊர்ல இருபத்திரண்டு, அங்க பதினெட்டு. ஓலையைத் திருத்திட்டு, மழைக்குள்ள ஆளை அனுப்பிவையுங்க. ஆள் இல்லாம விதைப்பு இல்ல. விதைப்பு இல்லாம உங்களுக்கு வரி ஏது?” என்று கேட்டிருக்கிறாள். ராஜாங்க அதிகாரியிடம், ஒரு பொம்பளை!

அவர் நெடுநேரம் தும்மாமல் இருந்தாராம். பிறகு கோட்டைக்கு ஓலை எழுதினாராம். அந்த ஓலை போய்ச் சேர்ந்த மறுநாள்தான் எதிரி ஓடிப்போனான். இரண்டும் ஒன்றாக வந்ததால் ஊரில் அறியாத ஜனங்கள் ஏதேதோ முடிச்சுப் போட்டுப் பேசினார்கள். நான் அதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை.

வீட்டுக்குள் வந்ததும் கேட்டேன். “ஏன்ட்டி, ஒன்பது ஏருன்னு நான் கட்டிக் காத்ததை ஒரே நாள்ல இருபதாக்கிட்டியே?”

எனக்குக் கால் கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள். “எனக்கு ஒன்பதும் தெரியாது, நாற்பதும் தெரியாது. இருபதும் இருபத்திரண்டும்தான் தெரியும். தெரிஞ்சதைச் சொன்னேன்.”

அன்றைக்கு ராத்திரியே மழை இறங்கிவிட்டது. விடியும் முன்னே இரண்டு ஊரிலும் ஏர் கட்டினோம். அந்த வருஷம்போல் சோளம் அதற்குப் பிறகு விளையவில்லை. அதை விடுங்கள். வரியைப் பாருங்கள். ஒன்பது ஏருக்குக் கட்டவேண்டிய இடத்தில் இருபது ஏருக்கு! தள்ளுபடியும் போயிற்று. அடுத்த வருஷம் ஊர் கூடி மணியத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். வயதாகிவிட்டது, ஓய்வெடுங்கள் என்றார்கள். ஐம்பது ஒரு வயதா? கம்பைத் திருப்பிக் கேட்கவில்லை, அந்த மட்டும் மரியாதை. மாடத்தி அதை வைத்துக் கோழி விரட்டுவாள். வெள்ளிப் பூணைப் பாருங்கள், நசுங்கியிருக்கும். கோழியால் வந்தது, சண்டையால் வந்ததில்லை.

அவள் போய் இந்தத் தையோடு ஏழு வருஷம் ஆகிறது. மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அன்றைக்கு இரண்டு ஊரும் திரண்டு வந்தது. என்னோடு பேச்சை விட்டிருந்த கொம்பையாகூட வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். பலவேசம் தனியாளாகப் பாடையின் ஒரு பக்கம் முழுவதும் தூக்கினான். குடை பிடித்துக்கொண்டு தண்டல்காரர் வந்தார், கிழவராகிவிட்டார், வாசலில் நின்று தும்மினாரோ அழுதாரோ தெரியவில்லை. மணியக்காரன் வீட்டுச் சாவு அல்லவா? மணியம் போய்விட்டாலும் பேர் இருக்கிறதே.

எனக்கு ஒரே ஒரு குறைதான், அண்ணாச்சி. நீங்கள் வெளியூர்க்காரர், பாரபட்சமில்லாமல் சொல்லுங்கள். நாங்கள் சண்டையிலிருந்து திரும்பிய ஒன்பதாம் நாள் பலவேசத்துக்குப் பெண் பிறந்தது. என்ன பேர் வைத்தான் தெரியுமா? மாடத்தி. கொம்பையா தன் பேத்திக்கு மாடத்தி என்று வைத்தான். பூலாங்காட்டில் நான்கு, இங்கே ஆறு. போன மாதம் கழுகுமேட்டில்கூட ஒன்று என்று கேள்வி. நாற்பது பேரை நிறுத்தியவன் நான், கம்பு வாங்கியவன் நான், எதிரியை விரட்டிய படையில் ஈட்டி பிடித்தவன் நான். குத்தாலம் என்று இரண்டு ஊரிலும் ஒரு கன்றுக்குட்டிக்குக்கூட வைக்கவில்லையே, ஏன்?

சிரிக்கிறீர்கள். பலவேசமும் இப்படித்தான் சிரிப்பான்.

அடேய் பலவேசம், ஆயிற்றா? ஆயிற்றாம். வண்டியைப் பூட்டுங்கள். ஓடையைத் தாண்டினால் பூலாங்காட்டுக் கிணறு வரும். இந்த நேரத்துக்குப் பெண்கள் நான்கைந்து பேர் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார்கள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால், மாடத்தி என்று கூப்பிடுங்கள். யாராவது ஒருத்தி திரும்பிப் பார்ப்பாள்.

நானா? நான் அந்தப் பக்கம் போனால் யாரையும் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தாகமாக இருந்தால் இருமுவேன். அவர்களே கொடுத்துவிடுவார்கள்.